மேசைக்கு வராத பாட்டில்

மைக்ரோஸ்கோப்பில் என்ன தெரிந்தது என்று உங்களை எல்லோரும் கேட்பார்கள். சர்ஜன் கேட்பார், நோயாளி கேட்பார், நோயாளியின் மைத்துனர் போன் போட்டுக் கேட்பார். உங்கள் மேசைக்கு என்ன வரவில்லை என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதை நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் ஒருமுறை கேட்கவில்லை.

நோய்க்குறியியல் படித்துவிட்டு லேபுக்குள் புதிதாக நுழைந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். என் சாமர்த்தியங்களை எழுதினால் அரைப் பக்கத்தில் தீர்ந்துவிடும். முட்டாள்தனங்கள் என்றால் கையிருப்பு நிறைய. அதில் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத ஒன்றை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன லேப். டாக்டர் நான் ஒருத்திதான். டெக்னீஷியன் கஸ்தூரி. மாமல்லபுரத்துக்கு அருகே கடற்கரைச் சாலையில் இருந்த ஒரு நர்சிங் ஹோமிலிருந்து எங்களுக்குத் திசுக்கள் வரும். அங்கே லேப் கிடையாது. அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நர்ஸ், நோயாளியின் வீட்டுக்காரரிடம் “வாய் அகலமான டப்பா வாங்கிட்டு வாங்க” என்பார். எடுத்ததை அந்த டப்பாவில் போட்டு, கெடாமல் இருக்க ஃபார்மலின் ஊற்றி மூடி, அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். அவர் அதைத் துணிப்பையில் வைத்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்து சேர்வார். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொள்வார். வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது. இதில் ஒரு தப்பு இருப்பதாக யாருக்கும் படவில்லை, எனக்கும்தான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் தேவராஜ் என்பவர் வந்தார். கல்பாக்கம் ஊழியர்களை ஏற்றி இறக்கும் ஒப்பந்த பஸ்ஸுக்கு டிரைவர். மனைவி எஸ்தர், ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். எஸ்தருக்கு இடது மார்பில் புற்றுநோய், மார்பை எடுத்திருந்தார்கள். பெரிய பிளாஸ்டிக் டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார்.

“இன்னா மேடம், பரவிக்கீதா இல்லியான்னு நீங்கதான் சொல்லணுமாமே?”

ஆமாம், அதைச் சொல்லத்தான் நாம் இருக்கிறோம். மார்புப் புற்று பெரும்பாலும் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அக்குள். அங்கே கொழுப்புக்குள் நிணநீர் முடிச்சுகள் புதைந்திருக்கும். எள்ளளவிலும் இருக்கும், அவரைக்கொட்டை அளவிலும் இருக்கும். உடம்புக்குக் காவலாக இருப்பவை அவை. ஆனால் கட்டியிலிருந்து நழுவி வரும் புற்றணுக்கள் நிணநீரோடு அங்கேதான் போய்ச் சேரும். சில அங்கேயே மடியும். சில அங்கேயே குடியேறிப் பெருகும். அந்தக் காவல் நிலையத்தில் திருடன் குடித்தனம் போட்டுவிட்டானா என்று பார்த்துத்தான் மேற்கொண்டு மருந்தா, கதிர்வீச்சா, மாத்திரை மட்டும் போதுமா என்று முடிவு செய்கிறார்கள். முடிச்சுகளைக் கண்ணால் தேட முடியாது. கொழுப்பை விரல் நுனியில் நசுக்கித் தடவித் தடவி, அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு நான்குதான் கிடைத்தன. பொதுவாகப் பத்துக்குக் குறையாமல் எதிர்பார்ப்போம். கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

“மேடம், நாலுதானா? கொஞ்சம் கம்மியா இல்ல?”

“இருந்தாத்தானே கிடைக்கும்? நான் என்ன செஞ்சா வைக்க முடியும்?” என்று எரிந்து விழுந்தேன்.

அன்று வேலை மலைபோலக் குவிந்திருந்தது. இன்னொரு சர்ஜன் மூன்று தடவை போன் செய்துவிட்டார். இதெல்லாம் காரணமில்லை, சாக்கு. டப்பாவோடு வந்த சீட்டில் சர்ஜனின் கோழிக்கிறுக்கலில் ‘மார்பு, அக்குள் திசு’ என்று இரண்டும் எழுதியிருந்தது. மார்பின் ஓரத்தில் வால் மாதிரி கொஞ்சம் கொழுப்பு ஒட்டியிருந்ததால், அதுதான் அக்குள் திசு என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். நான்கு முடிச்சிலும் புற்று இல்லை. ‘பரவல் காணப்படவில்லை’ என்று கையெழுத்துப் போட்டேன்.

ரிப்போர்ட் வாங்க வந்த தேவராஜ், கவுண்டர் முன்னாலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். மறுநாள் ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்தார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் காலை பத்து மணிவாக்கில் அந்த நர்சிங் ஹோம் சர்ஜன் போன் செய்தார். எஸ்தருக்கு மாத்திரை மட்டும் போதும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. முந்தின நாள் எஸ்தர் தையல் பிரிக்க வந்தபோதுதான் சர்ஜன் ரிப்போர்ட்டை முழுசாகப் படித்தாராம்; அதுவரை கடைசி வரியை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

“மேடம், மொத்தம் நாலு முடிச்சுன்னு போட்டிருக்கீங்க. அக்குள் கொழுப்பைத் தனியா ஒரு சின்ன பாட்டில்ல அனுப்பினேனே, அதுல ஒண்ணுமே இல்லையா?”

“எந்த பாட்டில்?” என்றேன்.

  பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

பதிவேட்டை எடுத்தோம். எஸ்தர் பெயருக்கு நேராக ‘டப்பா: 1’ என்று கஸ்தூரியின் கையெழுத்து. எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, இங்கே வரவே இல்லை. உடனே கஸ்தூரி முந்தின பக்கங்களைப் புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் ஒன்று, ஒன்று, ஒன்று. போன மாதம் ஒருவருக்கு மூன்று டப்பா வந்தது இருவருக்கும் நினைவிருந்தது. அதற்கு நேராகவும் ஒன்று.

“பழக்கத்துல எழுதிட்டேன் மேடம்,” என்றாள்.  அவளைத் திட்டுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது.

ஆக, பாட்டில் வந்ததா வராததா என்று எங்களுக்கே தெரியாது. பின்னறையில் இருந்த அத்தனை டப்பாக்களையும் இறக்கினோம். பித்தப்பைகள், குடல்வால்கள், கர்ப்பப்பைகள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்ததில் ஃபார்மலின் நெடி கண்ணைப் பிடுங்கியது. இல்லை. மருத்துவக் கழிவு வண்டி அன்று காலையில்தான் வந்து மஞ்சள் பைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. எங்கள் அலட்சியத்தில் அந்த பாட்டிலும் அதில் போயிருந்தால்? நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். 

சர்ஜன் மறுபடி கூப்பிட்டார். இப்போது அவர் குரலும் மாறியிருந்தது.

“மேடம், யோசிச்சுப் பார்த்தேன். நாலும் சுத்தமா இருக்குன்னா மீதியும் சுத்தமாத்தான் இருக்கும். கட்டியும் சின்னது. அந்தம்மா இப்பத்தான் நிம்மதியா சாப்பிடறாங்க. கிளறாம விட்டுடலாமே?”

மறைக்காமல் எழுதுகிறேன், அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது. ‘சரி டாக்டர்’ என்ற இரண்டு வார்த்தையில் என் தப்பு, அவர் தப்பு, கஸ்தூரியின் தப்பு எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு போன் வரும். மறுமுனையில் பேசுபவர் அயோக்கியராக இருக்க மாட்டார். உங்களைப் போலவே பயந்துபோன ஒருவராக இருப்பார். அதனால்தான் அவர் பேச்சு அவ்வளவு நியாயமாகக் காதில் விழும்.

“நான் பார்க்காத முடிச்சைச் சுத்தம்னு சொல்ல முடியாது டாக்டர்,” என்றேன். துணிச்சலாகச் சொல்லவில்லை. 

தேவராஜ் நம்பரைத் தேடி எடுத்தேன். கஸ்தூரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “போன்ல கேட்டா அந்தாளு பயந்துகினு ‘ரெண்டும் குடுத்துட்டேன்’னு சொல்லிடுவாரு மேடம். ஒருதடவை சொல்லிட்டா அப்புறம் மாத்திச் சொல்ல வராது. நேர்ல போவோம்.” அவள் சொன்னதுதான் சரி. அன்று எங்கள் இருவரில் புத்தி வேலை செய்தது அவளுக்கு மட்டும்தான்.

என் காரிலேயே கிளம்பினோம். முகவரி எஸ்தரின் சீட்டில் இருந்தது. சதுரங்கப்பட்டினம் போகும் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெரு. வழியெல்லாம் மழைத்தண்ணீர். மனசுக்குள் ஒரே கணக்குத்தான்: மருந்து தேவையென்றால் இன்னும் எத்தனை வாரம் தாமதிக்கலாம், அதில் எத்தனை நாளை நான் ஏற்கெனவே தின்றுவிட்டேன்?

எஸ்தர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இடது கை விரல்களைச் சுவரில் ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். தோள் இறுகாமல் இருக்கச் சொல்லிக் கொடுத்த பயிற்சி. திரும்பி எங்களைப் பார்த்தவர், நான் யார் என்று சொன்னதும் கையை மெல்ல இறக்கினார்.

“லேப் டாக்டரம்மா வூடு தேடி வந்தா, அது நல்ல சேதியா இருக்காதே?”

என்ன சொல்ல? பொய் சொல்லக் கூடாது என்று வழியில் தீர்மானித்திருந்தேன். எவ்வளவு உண்மை சொல்வது என்றுதான் தீர்மானிக்கவில்லை. “ஒரு சின்ன பாட்டில் எங்களுக்கு வந்துச்சா வரலையான்னு தெரியலம்மா. அதைப் பார்க்காம ரிப்போர்ட் குடுத்துட்டேன். உங்க வீட்டுக்காரரைக் கேட்க வந்தேன்,” என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். கஸ்தூரிக்குப் பாய் விரித்தார். ஷிப்ட் பஸ்ஸை விட்டுவிட்டு தேவராஜ் வரும்வரை மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் இருக்கும். என் வாழ்க்கையில் அத்தனை நீளமான முக்கால் மணி நேரத்தை நான் பார்த்ததில்லை.

தேவராஜ் வாசலில் செருப்பை விடும்போதே என்னைப் பார்த்துவிட்டார். கேள்வியைக் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

“இருந்துச்சு மேடம். ஊறுகாய் பாட்டில்ல. நான்தான் குடுக்கல.”

“ஏன் சார்?”

“அதுல இன்னா கீதுன்னு நர்சம்மாவ கேட்டேன். கக்கத்து கொழுப்புன்னாங்க. கட்டி இல்லியான்னேன். இல்ல, அது இந்த பெரிய டப்பால கீதுன்னாங்க.” மனைவி பக்கம் திரும்பாமலே சொன்னார். “நோவு புடிச்சத உங்ககிட்ட குடுத்துட்டேன் மேடம். இது நல்ல சதை. அவ ஒடம்பு. நீங்க பாத்துட்டு குப்பைல போட்டுடுவீங்கன்னு சொன்னாங்க. நல்லத ஏன் குப்பைல போடணும்? அதான் எடுத்தாந்து பொதைச்சிட்டேன். ஜெபம் பண்ணித்தான் பொதைச்சேன்.”

“எங்க?” என்றாள் கஸ்தூரி.

“பின்னால. தொவைக்கிற கல்லாண்ட.”

எஸ்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன்யா, நான் உசுரோட இருக்கசொல்லவே என்னைக் கொஞ்சம் பொதைச்சிட்டியா?”

“நல்லதுன்னு நெனச்சேன் எஸ்தரு.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத இடங்களில் நான் எப்போதும் தொழிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். “பாட்டிலோட பொதைச்சீங்களா, இல்ல தொறந்தா?” என்று கேட்டேன்.

“பாட்டிலோடதான். தொறந்தா கண்ணு எரியுமேன்னு டேப்பு சுத்தி வச்சேன்.”

மூடி இறுக்கமாக இருந்து ஃபார்மலின் உள்ளேயே இருந்தால் திசு கெட்டிருக்காது. கசிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் கூழாகியிருக்கும், பிறகு ஒருவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. தேவராஜ் மண்வெட்டியை எடுத்தார். “மெதுவா அண்ணே, ஒடஞ்சா போச்சு,” என்று கஸ்தூரி குனிந்து கையாலேயே சேற்றைத் தள்ளினாள். முதலில் தோண்டிய குழியில் தண்ணீர்தான் ஊறியது. இடம் மறந்துவிட்டது அவருக்கு. இரண்டாவது குழியிலும் இல்லை. அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். எஸ்தர் பின்வாசலில் நின்றபடி, “கல்லுக்கு இந்தாண்ட பாருய்யா, அங்க மண்ணு புதுசா கீது,” என்றார்.

மூன்றாவது குழியில் கிடைத்தது. பாதி உரிந்த மாங்காய் ஊறுகாய் லேபிள், கழுத்தைச் சுற்றி பழுப்பு நிற டேப். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஃபார்மலின் தளும்பியது. உள்ளே மஞ்சள் கொழுப்பு, ஒரு முனையில் கறுப்புப் பட்டு நூல். போன் செய்து கேட்டபோது, அக்குளின் உச்சி எந்தப் பக்கம் என்று காட்ட அந்த நூலைக் கட்டியது தான்தான் என்றார் சர்ஜன். பாட்டிலைத் தானே கடையில் வாங்கி, ஊறுகாயை வழித்தெடுத்துக் கழுவியதாக தேவராஜ் சொன்னார். எஸ்தரின் திசுதான் என்று நம்ப எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்றே கொழுப்பைத் தடவ உட்கார்ந்தேன். இந்த முறை அவசரப்படவில்லை. கஸ்தூரி எதிரே உட்கார்ந்து நான் விட்டதை மறுபடி தடவினாள். மொத்தம் பதினோரு முடிச்சுகள்.

ஸ்லைடுகள் தயாராக இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் வேண்டிக்கொண்டே இருந்தேன். எதற்காக என்று கேளுங்கள். ஒன்றிலும் புற்று இருக்கக் கூடாது, இருந்தால் என் தப்பு நிஜமான தப்பாகிவிடும் என்று. எஸ்தருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு மறுநாள் காலையில்தான் தோன்றியது. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

முதல் ஏழு ஸ்லைடும் சுத்தம். எட்டாவதில், முடிச்சின் விளிம்பை ஒட்டி, உறைக்குச் சற்றே உள்ளே, புற்றணுக்களின் ஒரு சின்னக் கூட்டம். நிணநீர் உள்ளே நுழைகிற இடம் அதுதான். வந்து சேர்கிற புற்றணுக்கள் பெரும்பாலும் முதலில் ஒதுங்குவதும் அங்கேதான். பத்தாவதில் இன்னொரு கூட்டம், இன்னும் பெரியது. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். மாறவில்லை.

திருத்திய ரிப்போர்ட்டில் ‘கூடுதல் திசு பின்னர் பெறப்பட்டது’ என்று மட்டும் எழுதினால் போதும் என்றார் சர்ஜன். நான் நடந்ததை எழுதினேன்: இரண்டு கொள்கலன்கள் அனுப்பப்பட்டதை லேப் சரிபார்க்கவில்லை, முதல் ரிப்போர்ட் முழுமையற்றது, இந்தத் திருத்திய ரிப்போர்ட்டை மட்டுமே வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யவும். அதற்குப் பிறகு அந்த நர்சிங் ஹோமிலிருந்து எங்களுக்கு டப்பா வரவில்லை.

தபாலில் அனுப்பிவிடலாம் என்று மனசு சொன்னது. ஆனாலும் எஸ்தரையும் தேவராஜையும் நேரில் வரச் சொன்னேன். இருவரும் வந்தார்கள். முடிந்தவரை எளிமையாகச் சொன்னேன். எஸ்தர் அசையாமல் கேட்டார். தேவராஜ்தான் முதலில் கேட்டார்.

“நான் பொதைச்சதாலயா மேடம் பரவிச்சி?”

ஐம்பது புத்தகம் படித்தாலும் இந்தக் கேள்விக்கு நீங்கள் தயாராக முடியாது. “இல்ல சார். அறுக்கறதுக்கு முன்னாடியே அது அங்க இருந்துச்சு. நீங்க பொதைச்சதுல எதுவும் பரவல. ரெண்டாவது பாட்டில் எங்கன்னு அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். சீட்டுல எழுதியிருந்துச்சு. கஸ்தூரியும் கேட்டா. நான் கேட்கல. தப்பு என்னுது,” என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. “நல்லா பளிச்சுன்னு, சுத்தமா இருந்துச்சே,” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எஸ்தர்தான் பேச்சை முடித்தார். “அவரு கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன். நீங்க சொல்லுங்க. லேட்டா பூட்ச்சா?”

“மருந்து ஆரம்பிக்கிற காலம் தாண்டலம்மா.”

“நெசமாவா?”

“நெசமா.” அதற்கு மேல் ஒன்றும் என்னால் உறுதி சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார்.

சென்னையில் மருந்து ஏற்றிக்கொண்டார். செங்கல்பட்டிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயின் பிடிக்க வரும்போது, தலையில் துணி கட்டிக்கொண்டு சில தடவை லேபுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கதிர்வீச்சு என்றார்கள். பிறகு வருவது நின்றுவிட்டது. நான் ஓய்வு பெற்றேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. டப்பா கொண்டுவருபவர் படியிறங்குவதற்கு முன் கேளுங்கள்: அங்கே எத்தனை கொடுத்தார்கள், இங்கே எத்தனை வந்திருக்கிறது? கட்டி என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. அதை யாரும் தொலைப்பதில்லை. அந்த நர்ஸுக்கு வெறும் கொழுப்பாகவும், தேவராஜுக்கு நல்ல சதையாகவும், எனக்கு வராத ஒன்றாகவும் இருந்ததில்தான் எஸ்தரின் உயிர் இருந்தது. சீட்டும் டப்பாவும் ஒத்துப்போகாவிட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். எத்தனை பேர் போனில் கத்தினாலும் சரி.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். எஸ்தர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இத்தனை வருடமாக விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமே என்ற பயம். கேளுங்கள் கேளுங்கள் என்று உங்களுக்கு எழுதிக்கொண்டே நான் மறுபடியும் கேட்காமல் இருக்கிறேன் என்பது நேற்று சாயங்காலம்தான் உறைத்தது. பழைய நோட்டிலிருந்து தேவராஜின் நம்பரை எடுத்துப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தார். நான் யாரென்று சொன்னேன். எஸ்தர் எப்படி இருக்காங்க என்று கேட்டேன்.  

“அத ஏன் என்கிட்ட கேட்டுகினு கீறீங்க மேடம்?” என்றார் தேவராஜ். “இருங்க, அவளாண்டயே குடுக்கறேன்.”